மினுங்கும் திரை, கறுக்கும் திரை, அசையாத ஹெர்ட்ஸ்: லினக்ஸில் அடாப்டிவ் சிங்க் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பது

"மாமா, மொனிட்டர் கண் சிமிட்டுது, ஒருக்கா வந்து பாருங்கோ." வெள்ளவத்தையில் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்காவின் மகன் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். பாவித்த மொனிட்டர் ஒன்று வாங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரை, விஏ என்ற வகைப் பேனல். கொம்பியூட்டரில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் காட், லினக்ஸ், கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப். பகலில் ஒன்றும் தெரியவில்லையாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டு, கேமில் ஒரு இருட்டுக் குகைக்குள் போனதும் சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் துடித்தது. "லினக்ஸ் என்றால் அப்படித்தான், விண்டோஸ் போடு" என்று கூட்டாளி சொல்லிவிட்டானாம். அந்த வார்த்தைதான் என்னை அவன் மேசைக்கு முன்னால் மூன்று மாலை உட்கார வைத்தது. கோளாறு லினக்ஸில் இல்லை. எங்கே இருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அதோடு, இதே அடாப்டிவ் சிங்க் விஷயத்துக்காக என்னைத் தேடி வந்த மற்றவர்களின் பிரச்சினைகளையும் அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளையும் மட்டும் முதலில் வாசித்துவிடுங்கள்.

அடாப்டிவ் சிங்க் என்ன வேலை செய்கிறது

சாதாரண 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர் செக்கனுக்கு 60 தடவை, அதாவது 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, படத்தைப் புதுப்பிக்கும். கிராஃபிக்ஸ் காட் ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு படத்தை, வரைய 18 மில்லிசெக்கன் எடுத்துவிட்டது என்று வையுங்கள். பஸ் போய்விட்டது. ஃப்ரேமை மொனிட்டரின் நேரத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க் ஓனில் இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு, அதாவது 33.3ஆவது மில்லிசெக்கன் வரை, அந்த ஃப்ரேம் காத்திருக்க வேண்டும். அதுதான் திக்கல். ஓஃபில் இருந்தால் பாதி பழைய படம், பாதி புதிய படம் என்று நடுவில் வெட்டு விழும். அதுதான் கிழிசல். அடாப்டிவ் சிங்க்கில் பஸ் பயணிக்காகக் காத்து நிற்கிறது: 18 மில்லிசெக்கன் என்றால் மொனிட்டரும் 18 மில்லிசெக்கன் பொறுத்துப் புதுப்பிக்கும்.

பெயர்களில் குழம்ப வேண்டாம். வீஈஎஸ்ஏ அமைப்பு 2014இல் டிஸ்ப்ளே போர்ட் 1.2ஏ தரத்தோடு சேர்த்தது அடாப்டிவ் சிங்க். அதன்மேல் ஏஎம்டி வைத்த பெயர் ஃப்ரீசிங்க். என்விடியாவின் ஜி-சிங்க் 2013இல் தனிச் சில்லோடு வந்தது. 2019 ஜனவரியில்தான் அந்த நிறுவனம் சில்லு இல்லாத சாதாரண அடாப்டிவ் சிங்க் மொனிட்டர்களையும் ஏற்றுக்கொண்டது. எச்டிஎம்ஐ 2.1இல் இருப்பது விஆர்ஆர், அதாவது வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட். எல்லாம் செய்வது ஒரே வேலைதான். லினக்ஸ் பக்கம் ஏஎம்டி காட்களுக்கு 2019இல் லினக்ஸின் மையமான கேர்னலின் 5.0 பதிப்பு, கிராஃபிக்ஸ் மென்பொருளான மெசாவின் 19.0 பதிப்பு இரண்டும் சேர்ந்து கதவைத் திறந்தன. இன்டெல்லுக்கு 2021இல் கேர்னல் 5.12, அதுவும் 11ஆம் தலைமுறை டைகர் லேக் வகையிலிருந்து.

கை வைக்கும் முன்

மொனிட்டர், கேபிள், டிரைவர், டெஸ்க்டாப், கேம் என்று இந்தச் சங்கிலியில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும் எல்லாம் நின்றுவிடும். எது விட்டது என்று திரையில் எழுதி வராது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மருமகன் முதல் நாளே கேபிளை மாற்றி, கேர்னலை மாற்றி, கேம் செட்டிங்கையும் மாற்றியிருந்தான். எதனால் என்ன ஆனது என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அளப்பதற்கு இரண்டு எண் வேண்டும். ஒன்று கேமின் ஃப்ரேம் எண்ணிக்கை. மேங்கோஹட் என்ற இலவசக் கருவியைப் போட்டால் திரை மூலையில் காட்டும். மற்றது மொனிட்டரின் உண்மையான ஹெர்ட்ஸ். பெரும்பாலான கேமிங் மொனிட்டர்களின் சொந்த மெனுவில் அதை ஓட விடும் வசதி இருக்கிறது. இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறி இறங்கினால் அடாப்டிவ் சிங்க் வேலை செய்கிறது. ஃப்ரேம் 83, 91, 77 என்று ஓட, ஹெர்ட்ஸ் 144இலேயே நின்றால் வேலை செய்யவில்லை. சில மொனிட்டர்களின் தகவல் பக்கம் நடப்பு எண்ணைக் காட்டாமல் தெரிவு செய்த உச்ச எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் விஆர்ஆர்டெஸ்ட் என்ற சின்னக் கருவியில் ஓடும் செங்குத்துக் கோடுகளைப் பாருங்கள். சிங்க்கை ஓன், ஓஃப் செய்து பார்க்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

செட்டிங்கையே காணவில்லை

இப்படிச் சொல்லி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு விடை மொனிட்டரின் மெனுவில்தான் இருந்தது. ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் பல மொனிட்டர்களில் பெட்டியிலிருந்து வரும்போதே ஓஃபில் இருக்கும். அது ஓஃபில் இருக்கும்வரை மொனிட்டர் தன்னைப் பற்றி அனுப்பும் அறிமுகத் தரவில், அதாவது ஈடிஐடியில், அந்த வசதியே இருக்காது. லினக்ஸுக்கு இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? மெனுவில் ஓன் செய்துவிட்டு, கேபிளைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். அப்போதுதான் புதிய அறிமுகம் போய்ச் சேரும். அதே மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் பதிப்பு 1.1 என்று இருந்தால் 1.2 அல்லது அதற்கு மேல் மாற்றுங்கள்.

அடுத்து கேபிளைப் பாருங்கள். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் குட்டி அடாப்டர் நடுவில் இருந்தால், வேறு எதையும் தேட முன் அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான அடாப்டர்கள் இந்த வசதியைக் கடத்துவதில்லை. ஏஎம்டி காட் என்றால் நேரடி டிஸ்ப்ளே போர்ட் கேபிள்தான் சிறந்தது. எச்டிஎம்ஐயில் பழைய ஃப்ரீசிங்க் பல மொனிட்டர்களில் ஓடும். ஆனால் எச்டிஎம்ஐ 2.1இன் முழு வசதிகளையும் திறந்த மூல டிரைவரில் தர ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் மறுத்துவிட்டது. குறியீடு எழுதும் ஆட்கள் தயாராக இருந்தும் அனுமதி இல்லாமல் போனது எனக்கு இன்றும் மனவருத்தம்தான். 4கே டிவியை எச்டிஎம்ஐயில் கொழுவி 120 ஹெர்ட்ஸோடு விஆர்ஆர் எதிர்பார்ப்பவர்கள் இதை அறிந்துகொண்டே வாங்க வேண்டும்.

மொனிட்டரும் கேபிளும் சரி, இன்னும் காணவில்லையென்றால் டிரைவரைக் கேளுங்கள். லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் திரையில் காட்ட எக்ஸ்11 என்ற பழைய முறையும் வேலண்ட் என்ற புதிய முறையும் இருக்கின்றன. எக்ஸ்11 அமர்வில் எக்ஸ்ரேண்டர் கட்டளையை, எல்லாப் பண்புகளையும் காட்டும்படி ஓட்டினால், உங்கள் போர்ட்டின் கீழே விஆர்ஆர் கேப்பபிள் என்று ஒரு வரி வரும். 1 என்றால் டிரைவர் மொனிட்டரைப் புரிந்துகொண்டுவிட்டது, பிரச்சினை டெஸ்க்டாப்பில். 0 என்றால் மறுபடி மொனிட்டர் மெனு, கேபிள். வரியே இல்லையென்றால் டிரைவர். ஆர்9 290 போன்ற பழைய காட்கள் பாவித்த சந்தையில் இன்னும் கைமாறுகின்றன. அவை பழைய ரேடியோன் டிரைவரில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு மாற்றினால்தான் வழி பிறக்கும். வேலண்ட் அமர்வில் கேடிஈக்கு கேஸ்கிரீன் டொக்டர் கட்டளை இதே தகவலைத் தரும்.

டெஸ்க்டாப் பக்கம் பதிப்புத்தான் பேசுகிறது. கேடிஈ பிளாஸ்மாவின் வேலண்ட் அமர்வில் 5.22 பதிப்பிலிருந்து, 2021இலிருந்து, இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பில் 46ஆம் பதிப்பில், 2024இல், பரிசோதனை வசதியாக வந்தது. அதனால் டெபியன் 12இல் வரும் க்னோம் 43இல் தேடிப் பயனில்லை. உபுண்டு 24.04இல் க்னோம் 46 இருக்கிறது, ஆனால் தானாகத் தெரியாது. டிகொன்ஃப் எடிட்டரைத் திறந்து, க்னோம் பிரிவுக்குள் மட்டர் என்ற இடத்துக்குப் போய், பரிசோதனை வசதிகளின் பட்டியலில் வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட்டைச் சிறிய எழுத்தில், சொற்களுக்கிடையே இணைப்புக்கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் டிஸ்ப்ளே செட்டிங்கில் தெரிவு தெரியும். ஸ்வே டெஸ்க்டாப்பில் கொன்ஃபிக் கோப்பில் அந்த அவுட்புட்டுக்கு அடாப்டிவ் சிங்க் ஓன் என்று ஒரு வரி போதும்.

எக்ஸ்11 அமர்வில் ஏஎம்டி பாவிப்பவர்களுக்கு டெஸ்க்டாப் செட்டிங் எதுவும் வராது. எக்ஸோர்க் கொன்ஃபிக் கோப்பின் டிவைஸ் பகுதியில் வேரியபிள் ரிஃப்ரெஷ் என்ற விருப்பத்தை நீங்களே ஓன் செய்ய வேண்டும். அது இயல்பாக ஓஃபில்தான் இருக்கிறது. என்விடியா என்றால் 10 தொடர் காட்டிலிருந்து, டிஸ்ப்ளே போர்ட் வழியாக. எக்ஸ்11இல் என்விடியா செட்டிங்ஸ் கருவியின் மொனிட்டர் பக்கத்தில் அட்வான்ஸ்டை அழுத்தினால், அந்த நிறுவனம் சோதித்துச் சான்று கொடுக்காத மொனிட்டரிலும் ஜி-சிங்க்கை அனுமதிக்கும் ஒரு பெட்டி வரும். டிக் செய்யுங்கள்.

ஓன் செய்தாயிற்று, ஹெர்ட்ஸ் அசையவில்லை

கேமில் ஃப்ரேம் 60இல் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டியிருந்தால் மொனிட்டரும் 60 என்றே நிற்கும். அது கோளாறு இல்லை. அதேபோல, பழைய கேம் ஒன்று 300 ஃப்ரேம் ஓடினால் மொனிட்டர் தன் உச்சமான 144இல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டும் இல்லையென்றால், கேம் உண்மையாகவே முழுத்திரையில் ஓடுகிறதா? ஓரமில்லாத விண்டோவாக ஓடினால், எக்ஸ்11இல் நடுவில், விண்டோக்களை ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் கொம்போசிட்டர் உட்கார்ந்துகொண்டு ஃப்ரேம்களைத் தன் தாளத்துக்கு அனுப்பும். லினக்ஸ் மின்ட்டின் சினமனில், முழுத்திரை விண்டோக்களுக்குக் கொம்போசிட்டிங்கை நிறுத்தும் ஒரு சுவிட்ச் பொது செட்டிங்கில் இருக்கிறது. அது ஓனில் இருக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஈ என்றால் கேம் ஓடும் நேரம் கொம்போசிட்டரையே நிறுத்திப் பாருங்கள்.

விஎல்சியில் படம் ஓட்டி, அசையவில்லை என்று ஒரு பக்கத்து வீட்டுத் தம்பி வந்தார். எக்ஸ்11இல் மெசா ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. ஃபயர்ஃபொக்ஸ், குரோமியம் போன்ற உலாவிகளும், விஎல்சி, எம்பிவி போன்ற வீடியோ பிளேயர்களும், டெஸ்க்டாப் ஷெல்களும் அதில் அடங்கும். உலாவியில் ஒரு சின்ன அசைபடம் ஓடினாலே திரையின் வேகம் மாறி, கண்ணை உறுத்தக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு. கேமில் சோதித்துப் பாருங்கள்.

லெப்டொப்பில் வெளி மொனிட்டர் கொழுவுபவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா காட்டோடும், யூஎஸ்பி-சி போர்ட் இன்டெல் அல்லது ஏஎம்டி உள் கிராஃபிக்ஸோடும் இணைக்கப்பட்டிருக்கலாம். தலைகீழாகவும் இருக்கலாம். ஒரு காட் வரைந்த படத்தை மற்றக் காட்டின் போர்ட் வழியே அனுப்பும்போது அடாப்டிவ் சிங்க் தடுமாறும். போர்ட்டை மாற்றிப் பாருங்கள். வேறு எதையும் தொட முன் இதைச் செய்தால் அரை நாள் மிச்சம்.

இருட்டுக் காட்சியில் திரை மினுங்குகிறது

மருமகனின் நோய் இதுதான். மற்றதெல்லாம் ஒரு சுவிட்சில் முடிந்துவிடும், இது முடியாது. ஆனால் காரணம் புரிந்தால் பெருமளவு அடக்கலாம்.

முதலில் ஒரு பரிசோதனை. அடாப்டிவ் சிங்க்கை முழுவதும் ஓஃப் செய்துவிட்டு அதே குகைக்குள் போங்கள். மினுக்கம் தொடர்ந்தால் இது வேறு நோய். பின்விளக்கு அல்லது மின் அடாப்டர் பக்கம் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் தொடர்ந்து வாசியுங்கள்.

எல்சிடி பேனலில் ஒவ்வொரு புள்ளியும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அது மெல்ல மெல்ல மாறுகிறது. புதுப்பிப்பு 7 மில்லிசெக்கனில் வந்தால் ஒரு வெளிச்சம், 20 மில்லிசெக்கனில் வந்தால் சற்றே வேறு வெளிச்சம். வேகம் நிலையாக இருந்தால் கண் இதைப் பிடிக்காது. வேகம் சடார் சடார் என்று மாறும்போது வெளிச்சமும் அதோடு ஆடும். அதுதான் மினுக்கம். விஏ பேனலிலும் ஓலெட் திரையிலும் இது கூடுதலாகத் தெரியும். ஐபிஎஸ் பேனலில் குறைவு. இருண்ட சாம்பல் நிறங்களில்தான் கண் பிடிக்கும். அதனால்தான் பகலில், ஜன்னலால் வெயில் விழும் அறையில், மருமகனுக்கு எதுவும் தெரியவில்லை. மொனிட்டரை எந்த இயங்குதளத்தில் கொழுவினாலும் இந்த இயல்பு மாறாது. கூட்டாளி சொன்னபடி விண்டோஸ் போட்டிருந்தாலும் அதே குகை அதே மாதிரித்தான் துடித்திருக்கும்.

அந்தச் சடார் மாற்றம் எங்கே நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மொனிட்டரின் எல்லை 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை. ஃப்ரேம் 48க்குக் கீழே போனால் மொனிட்டரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அதனால் டிரைவர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை அனுப்பும். 47 ஃப்ரேம் என்றால் மொனிட்டர் 94 ஹெர்ட்ஸில் ஓடும். 49 ஃப்ரேம் என்றால் 49 ஹெர்ட்ஸ். இப்போது குகைக்குள் ஃப்ரேம் 47, 49, 46, 50 என்று ஆடுகிறது என்று வையுங்கள். கேமில் இரண்டு மூன்று ஃப்ரேம் வித்தியாசம்தான். திரையில் அது 94, 49, 92, 50. மேங்கோஹட் எண்ணையும் மொனிட்டர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 48ஐத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் சுவர் துடித்தது. 60க்கு மேல் ஓடிய வெளிப்புறக் காட்சிகளில் ஒரு துடிப்பும் இல்லை. "மாமா, இது 48இலதான் சிமிட்டுது" என்று அவனே சொன்னான். அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது.

இந்த இரட்டிப்பு உத்தி எல்லா மொனிட்டருக்கும் கிடைக்காது. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் அதற்கு இடம் இருக்கும். 48 முதல் 75 வரை என்று எல்லையுள்ள மலிவு மொனிட்டர்களில் 48க்குக் கீழே அடாப்டிவ் சிங்க் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாவித்த மொனிட்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் உச்ச ஹெர்ட்ஸை மட்டும் பார்க்காமல் கீழ் எல்லையையும் கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கும்போது எல்லோரும் 144, 165, 180 என்றுதான் கேட்கிறோம். 48ஐப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இனி வைத்தியம். முதல் வைத்தியம், ஃப்ரேமை எல்லைக்கு மேலே நிறுத்தி வைப்பது. நிழல், தூர விவரங்கள் போன்ற பாரமான செட்டிங்குகளை ஒரு படி இறக்கி, மிக மோசமான இடத்திலும் 55க்குக் கீழே போகாதபடி பாருங்கள். அதோடு மேலேயும் ஒரு மூடி போடுங்கள். மேங்கோஹட்டிலேயே ஃப்ரேம் வரம்பு வைக்கலாம். 60க்கும் 140க்கும் இடையில் தாவுவதை விட, 60க்கும் 80க்கும் இடையில் அசைவது கண்ணுக்கு எவ்வளவோ மேல். மருமகனின் காட்டுக்கு 80இல் மூடி வைத்தோம்.

இரண்டாவது வைத்தியம், மொனிட்டரின் மெனுவில். சில மொனிட்டர்கள் ஃப்ரீசிங்க்குக்கு இரண்டு நிலை வைத்திருக்கும், சாதாரண நிலை ஒன்று, விரிந்த நிலை ஒன்று. விரிந்ததில் எல்லை அகலம், மினுக்கமும் கூட. சாதாரண நிலைக்கு இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவது கொஞ்சம் துணிச்சலானது. மொனிட்டரின் ஈடிஐடியைக் கோப்பாக எடுத்து, கீழ் எல்லையை உயர்த்தி, திருத்திய கோப்பைக் கேர்னலுக்குக் கொடுப்பது. கேர்னலின் சிஸ் கோப்புறையில் உங்கள் போர்ட்டின் பெயருக்குக் கீழே ஈடிஐடி கோப்பு இருக்கும். டபிள்யூஎக்ஸ்ஈடிஐடி என்ற கருவியில் திறந்தால் எல்லை எண்களைத் திருத்தலாம். 48ஐ 60 ஆக்கினால், 60க்குக் கீழே உள்ளதெல்லாம் குறைந்தது இரட்டிப்பாகி ஓடும். குகையில் 46க்கும் 50க்கும் இடையில் ஆடிய ஃப்ரேம், இப்போது 92க்கும் 100க்கும் இடையில் ஆடும். எல்லைக் கோட்டைத் தாண்டவே மாட்டாது. திருத்திய கோப்பை ஃபேர்ம்வேர் கோப்புறையில் வைத்து, பூட் வரியில், கேர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியான டிஆர்எம்மின் ஈடிஐடி ஃபேர்ம்வேர் விருப்பத்தில் போர்ட் பெயரோடு சொல்ல வேண்டும். பூட் ஆரம்பத்திலேயே தேவைப்படுவதால், அப்போது ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள்ளும் அது போக வேண்டும். எல்லையைச் சுருக்குவதில் ஆபத்து இல்லை. விரிக்கப் போனால் திரை இருண்டு போகலாம். எப்படியிருந்தாலும், பூட் மெனுவில் அந்த வரியை நீக்கிவிட்டு உள்ளே வரத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதில் கை வையுங்கள்.

முதல் இரண்டிலேயே மருமகனின் குகை அமைதியாகிவிட்டது. லோடிங் திரையில் மட்டும் இன்னும் மினுங்குகிறது. அங்கே ஃப்ரேம் ஒரு கணம் மூடியில் முட்டும், அடுத்த கணம் 10க்கு விழும். அதை எந்த வரம்பாலும் பிடிக்க முடியாது. சில செக்கன்தான், விட்டுவிடலாம்.

மவுஸை அசைத்தாலே டெஸ்க்டாப்பில் வெளிச்சம் ஆடுகிறது

கேடிஈயில் அடாப்டிவ் சிங்க்குக்கு மூன்று தெரிவுகள்: ஒருபோதும் வேண்டாம், தானாக, எப்போதும். எப்போதும் என்று வைத்தால் டெஸ்க்டாப்பிலும் வேகம் மாறும். ஒன்றும் அசையாதபோது திரை 48க்கு இறங்கும், மவுஸ் அசைந்ததும் 144க்குத் தாவும். மேலே சொன்ன அதே துடிப்பு. தானாக என்று வையுங்கள். முழுத்திரையில் ஓடுவதற்கு மட்டும் வேலை செய்யும். ஹைப்பர்லேண்ட் டெஸ்க்டாப்பில் விஆர்ஆர் எண்ணை 1இலிருந்து 2 ஆக்கினால் இதே பலன்.

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது

எப்போது கறுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கேமுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் மட்டும் என்றால், அடாப்டிவ் சிங்க் ஓன், ஓஃப் ஆகும் நேரத்தில் அந்த மொனிட்டர் தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. சில மொனிட்டர்களின் சுபாவம் அது. உறுத்தினால் மேலே வேண்டாம் என்று சொன்ன எப்போதும் என்ற தெரிவையே பாவிக்கலாம். எது உங்களுக்குக் கூடுதல் தொல்லை என்று பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

விளையாடிக்கொண்டிருக்கும்போதே, நேரம் காலம் இல்லாமல் கறுத்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். 2560க்கு 1440, 144 ஹெர்ட்ஸ் என்றால் செக்கனுக்குச் சுமார் 14 கிகாபிட் தரவு போக வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 தாங்கும் அளவு 17.28. எச்டிஎம்ஐ 2.0 என்றால் 14.4, ஒரு நூல் இடைவெளிதான். மெல்லிய, நீளமான கேபிளில் இந்த இடைவெளி கரைந்துபோகும். சோதிக்கச் செலவில்லை: ஹெர்ட்ஸை 120க்கு இறக்குங்கள், பிறகு 60க்கு. இறக்க இறக்கக் கறுப்பது நின்றால் கேபிள் அல்லது அதன் முனை. இரண்டு மீட்டருக்குள், உறுதியான டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நான் புறக்கோட்டையில் அவசரத்துக்கு வாங்கிய கேபிளில், இணைக்கவே கூடாத 20ஆம் முள்ளும் இணைந்திருந்தது. அந்த முள்ளில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும். கொம்பியூட்டரை அணைத்த பிறகும் மொனிட்டரிலிருந்து காட்டுக்கு மின்சாரம் திரும்பி, மறுநாள் பூட் ஆக மறுத்தது. கேபிளைக் கழற்றியதும் எழும்பியது.

கடற்கரைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் எங்கள் ஒழுங்கைகளில் உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது. சொருகும் முனைகளை விட்டுவைக்குமா? பாவித்த மொனிட்டரின் போர்ட் மங்கிப் போயிருந்தால், எல்லாவற்றையும் அணைத்து, ஐசோப்ரொப்பைல் அல்ககோலில் மெல்லிய தூரிகையைத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் பிறகு சொருகுங்கள். புதுக் கேபிள் வாங்கியும் போகாத கறுப்பு, இதில் போனதைக் கண்டிருக்கிறேன்.

சிங்க் ஓடுகிறது, இன்னும் கிழிகிறது, திக்குகிறது

கிழிசல் என்றால் ஃப்ரேம் மேல் எல்லையைத் தாண்டுகிறது. 144 ஹெர்ட்ஸ் மொனிட்டருக்கு 141இல் மூடி வையுங்கள். கேமின் வி-சிங்க்கையும் ஓனில் வைக்கலாம். மூடி இருக்கும்போது அது வேலைக்கு வராது, தப்பித்தவறித் தாண்டும் ஃப்ரேமை மட்டும் பிடிக்கும்.

திக்கல் என்றால் மேங்கோஹட்டின் ஃப்ரேம் நேரக் கோட்டைப் பாருங்கள். கோடு தட்டையாக ஓடி, இடையிடையே ஈட்டி போல 100, 200 மில்லிசெக்கனுக்கு எழும்பினால், கேம் அந்த நேரத்தில் ஷேடர் எனும் வரைதல் நிரல்களைத் தொகுக்கிறது அல்லது வட்டிலிருந்து எதையோ ஏற்றுகிறது. வராத ஃப்ரேமை எந்த மொனிட்டராலும் காட்ட முடியாது. அடாப்டிவ் சிங்க்கைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே இடத்துக்கு இரண்டாம் தடவை போகும்போது ஈட்டி மறைந்தால் ஷேடர்தான்.

இரண்டாவது மொனிட்டர் கொழுவினால் நின்றுவிடுகிறது

எக்ஸ்11 என்றால் அதிகம் போராட வேண்டாம். அங்கே எல்லா மொனிட்டரும் சேர்ந்து ஒரே பெரிய திரை. அந்த அமைப்பில் ஒன்றை மட்டும் தன் வேகத்தில் ஓட விடுவது கடினம். விளையாடும் நேரம் இரண்டாவதை டிஸ்ப்ளே செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். அல்லது வேலண்ட் அமர்வுக்கு மாறுங்கள். அங்கே ஒவ்வொரு மொனிட்டரும் தனித்தனி. லொகின் திரையின் மூலையிலேயே அமர்வைத் தெரிவு செய்யலாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியில்லை

அப்போது அது உண்மையான பிழையாக இருக்கலாம். அறிக்கை எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஏஎம்டி, இன்டெல் டிரைவர்களுக்கும் மெசாவுக்கும் ஃப்ரீடெஸ்க்டொப்பின் கிட்லேப். கேடிஈக்கும் க்னோமுக்கும் அவரவர் பிழைத் தளங்கள். கேர்னல், மெசா, டெஸ்க்டாப் பதிப்புகள், எந்த அமர்வு, காட்டின் பெயர், மொனிட்டரின் மொடல், எந்தப் போர்ட், மொனிட்டர் மெனுவில் என்ன நிலை என்பதெல்லாம் வேண்டும். எத்தனை ஃப்ரேமில் நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். "சில நேரம் மினுங்குகிறது" என்பதற்கும் "48க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் மினுங்குகிறது" என்பதற்கும் இடையில் ஒரு மாத வேலை இருக்கிறது. கொப்பி அப்போது கைகொடுக்கும். ஈடிஐடி கோப்பையும் இணைத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. அதற்குள் மொனிட்டரின் சீரியல் இலக்கம் இருக்கும். அது வெளியே போக விருப்பமில்லையென்றால், அதே கருவியில் அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு அனுப்புங்கள்.